வேகாத கத்தி

ஓடைப்பட்டி திராட்சைப் பந்தலுக்குக் கீழே எபனேசர் மல்லாந்து கிடந்தார். விலாவில் கத்தி!

அதே கத்தி, காலை பத்து மணிக்கு, பிளாஸ்டிக் கவரோடு உத்தமபாளையத்தில் ஜஸ்டினின் கத்திப் பட்டறை மேஜையில் வந்து விழுந்தது.

"யார் செஞ்சது?" இன்ஸ்பெக்டர் சுருளியம்மாள் கேட்டார்.

ஜஸ்டின் பார்த்தான். டி-2 டூல் ஸ்டீல், கத்திக்கென்றே அவன் வாங்குகிற எஃகு. அவனுடைய முத்திரை.

"நான்தான் மேடம். எங்கன கிடைச்சது?"

"உங்க அண்ணன் எபனேசர் விலாவுல!"

ஜஸ்டினுக்கு அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. மேஜையில் கிடந்த இரும்புத் தூளை விரலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தான். இரண்டு வருஷமாகப் பேசாத அண்ணன்... இனி பேசவே முடியாது. அப்படியும் மனசு மரத்துப்போய் சும்மா கிடந்தது.

"தோட்டத் தகராறுல பேச்சே இல்லையாமே! ஏறுங்க ஜீப்புல!"

"வாறேன் மேடம்."

"அப்ப குத்துனது நீங்கதானா?"

"இல்ல."

"பின்ன ஏன்யா உடனே கிளம்புறீக?"

"கூப்பிட்டீகளே..."

இன்ஸ்பெக்டருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பட்டறையில் கைப்பிடி மாட்டுகிற செல்வின் குறுக்கே பாய்ந்தான். "அண்ணே, வாயைத் தொறக்காதீக! நான் வக்கீலைக் கூப்பிடுறேன்!"

எழுந்தபோதுதான் ஜஸ்டின் அதைக் கவனித்தான்.

கத்தியின் முனை மடங்கியிருந்தது!

"மேடம்... இது மடங்கக் கூடாதே!"

"எலும்புல பட்டுருக்கும்."

"உலையில வெந்து இறுகுன டி-2 மிஞ்சிப்போனா ஒடியும். மடங்காது. இங்கன பாருங்க."

பெட்டியிலிருந்து பளபளவென்று ஒரு தகட்டை எடுத்து இடுக்கியால் அழுத்தினான். மடங்கியது... அச்சு அசலாய் அதே மாதிரி!

"இது இன்னும் உலைக்குப் போகல. கவருல உள்ளதும் வேகாத கத்திதான்! ஆனா கைப்பிடி இருக்கு. வேகாததுக்கு நான் கைப்பிடி போட விடமாட்டேன்."

"பின்ன யார் போட்டது?"

ஜஸ்டின் மெதுவாகத் திரும்பினான்.

"ஏலே செல்வின்... உலைக்குப் போனா தகடு கருத்துத்தான் வரும். மறுபடி நான் தேச்சுக் குடுத்த பெறகுதான் நீ பாப்பே. பளபளன்னு இருந்தா எல்லாம் வெந்ததுன்னு நினைச்சுட்டியா?"

செல்வினின் முகம் வெளிறியது. "எ... எவனாச்சும் திருடியிருப்பான்ணே!"

இன்ஸ்பெக்டரின் போன் அலறியது! கேட்டார்... புருவம் உயர்ந்தது... ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு ஜஸ்டினிடம் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில உங்க அண்ணன் கண்ணு முழிச்சுட்டாக."

"அண்ணன்... சாகலையா?"

"செத்தாகன்னு நான் எப்பய்யா சொன்னேன்? விலா எலும்புல முட்டி, முனை மடங்கி, உள்ள இறங்காம தோலோட நின்னுருச்சு. கீழ விழுந்ததுல மயங்கிக் கெடந்தாக."

போனில் பலவீனமாக ஒரு குரல்.

"தம்பி... குத்துனது செல்வின்டா. உன் கத்தியக் களவாண்டு குமுளிப் பக்கம் ரவுடிகளுக்குக் குடுக்குறான். நான் பாத்துட்டேன். உங்கிட்டச் சொல்ல வரணும்னு இருந்தேன்... அதுக்குள்ள..."

செல்வின் வாசலுக்கு ஓடினான். கான்ஸ்டபிள் வினோத்ராஜ் காலைக் குறுக்கே நீட்டினார்.

தடால்!

ஜஸ்டின் விரலில் ஒட்டியிருந்த இரும்புத் தூளை இப்போதுதான் உதறினான். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இரண்டு வருஷத்து அழுகையும் மொத்தமாகப் பொங்கி வந்தது.

"அண்ணே..."

"என்னலே கத்தி செய்யுற? ஊரெல்லாம் உன் கத்திக்குப் பேருன்னாக... ஒரு மனுசனை ஒழுங்கா குத்தத் துப்பில்ல!"

ஜஸ்டின் மூக்கைச் சிந்தினான். கண்ணீரோடு கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அது வேகாததுண்ணே! வெந்தது வேணும்னா எங்கிட்டல்ல கேட்டிருக்கணும்!"