ஒன்பதாவது படி

"குடை... குடை! அந்தக் குடையத் தள்ளிப் பிடிங்க!"

மழைக்கு அந்தப் போன் ரிப்பேர் கடையில் ஒதுங்கியவளுக்கு இப்படி ஒரு வரவேற்பா? அவள் திரும்பினாள். கண்ணாடி மேசைமேல் ஒரு போன் வயிறு திறந்து கிடந்தது. அதற்கும் அவள் குடை நுனிக்கும் நடுவே ஒருவன் உள்ளங்கையை விரித்துப் பிடித்திருந்தான். சொட்டு... சொட்டு... எல்லாம் அவன் கையில்.

"ஒரு சொட்டுக்கு இவ்வளவு கத்தலா?"

"உங்க வயித்தத் திறந்து வச்சிருக்கும்போது ஒருத்தர் வந்து குடைய உதறினா சும்மா இருப்பீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. சுடச்சுட ஒன்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலிலிருந்து யாரோ, "சர்ஜன், என்னோடது பிழைக்குமா?" என்று குரல் கொடுத்தார்.

"நாளைக்குச் சொல்றேன்" என்றான் அவன், தலை நிமிராமல்.

சர்ஜனாம்! வந்த சிரிப்பை அவள் பல்லுக்குள் கடித்துக்கொண்டாள்.

மழை விடுவதாக இல்லை. கடைக்குள் இருந்ததே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்தாள். பையிலிருந்து எட்டிப் பார்த்த அட்டைப்பெட்டி அவன் கண்ணில் பட்டது.

"புது போனா? ஒட்டினது கூடப் பிரிக்கலையே."

"மூணு நாளா பையிலேயே இருக்கு."

"பயமா?"

பயம்தான். கையில் இருந்த பழைய போன் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. அண்ணன், அண்ணி, அவள்... மூவருக்கும் ஒரே கம்பெனி போன். 'ஒரே வீடு, ஒரே போன்' என்பது அண்ணன் சட்டம். அவள் எங்கே நிற்கிறாள் என்பது அவன் திரையில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும். அண்ணன் கெட்டவன் இல்லை. பெற்றவர்கள் போன பிறகு அவளைப் படிக்கவைத்து, எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் நிறுத்தியவன் அவன்தான். பயமே அதனால்தான். கெட்டவர்களை எதிர்ப்பது சுலபம்.

"பழசுக்கு என்ன குறை?"

"நான் இடது கைக்காரி. இதுல ஒரு படத்தக்கூட நான் நினைச்ச இடத்துல வைக்க முடியாது. அது வச்ச இடத்துக்கு என் விரல்தான் போகணும்." சொல்லி முடித்தபோது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "புதுசு வேற கம்பெனி. இதுல நான் சொல்ற இடத்துக்கு அது வருமாம். அரைமணியில மாத்திடலாமா?"

"அரைமணியில மனுஷன் மாறிடுவான். போன் மாறாது. கொடுங்க."

சுவரில் அவன் கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பதினோரு படிகள். அவன் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தான், செய்தான், அடுத்ததற்குப் போனான். "நானூறு போன் மாத்தியாச்சு. ஒரு படி விட்டதில்ல."

"நீங்க மட்டும் என் பழைய போன் கம்பெனியோடதையே வச்சிருக்கீங்க?"

"சர்ஜன் தனக்குத்தானே ஆபரேஷன் பண்ணிக்க மாட்டான்."

படங்களும் எண்களும் புதியதற்கு ஏறிக்கொண்டிருந்தன. தொண்ணூற்றெட்டு... தொண்ணூற்றொன்பது... அங்கேயே நின்றது. அவள் அசையாமல் பார்த்தாள்.

"மூச்ச விடுங்க" என்றான்.

"அது என் வசனம். எக்ஸ்ரே ரூம்ல 'இழுங்க... பிடிங்க... விடுங்க'ன்னு நாள் முழுக்க நான்தான் சொல்லிட்டிருக்கேன்."

"அப்போ மத்தவங்களுக்கு மட்டும் சொல்லுவீங்க, எக்ஸ்ரே மேடம்."

எட்டாவது படியில், எழுத்துப்பலகையைத் திரையின் இடது ஓரத்துக்கு ஒதுக்கினான். சரியாக வருகிறதா என்று பார்க்கத் தன் இடது கட்டைவிரலால் தட்டினான். பழக்கமில்லாத விரல். 'நலமா' என்று அடிக்கப்போய் 'நகமா' என்று வந்தது.

"நகமா? நலம்தாங்க, நேத்துதான் வெட்டினேன்" என்று அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

அவன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். அழகான கண்கள் என்று சொல்ல முடியாது. சின்னச் சின்னத் திருகாணிகளைப் பார்த்துப் பார்த்துச் சிவந்த கண்கள். ஆனால் அவை அவளை விட்டு நகரவில்லை. வெளியே மழை... உள்ளே யாரோ சத்தத்தைக் குறைத்ததுபோல இருந்தது. பிறகு அவன் காகிதத்துக்குத் திரும்பினான். விரல் எந்த வரியில் நின்றது என்று ஒரு கணம் தேடினான்... தொடர்ந்தான்.

நீலப் புள்ளி அணைந்தது அன்றே அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் கத்தவில்லை. இரண்டு நாள் பேசவில்லை, அவ்வளவுதான். கத்தியிருந்தால் தேவலை.

"உங்கண்ணன் புள்ளியத் தொலைச்ச மாதிரி இல்ல, புள்ளையத் தொலைச்ச மாதிரி உக்காந்திருக்கார்" என்றாள் அண்ணி. பழைய போனை அணைத்துத் தன் பீரோவில் போட்டுப் பூட்டினாள்.

அடுத்த மூன்று வாரத்தில் அவள் மூன்று முறை அந்தக் கடைக்குப் போனாள். அலாரத்தை மாற்ற, எழுத்தைப் பெரிதாக்க, மறுபடி சிறிதாக்க. மூன்றையும் அவளே செய்யத் தெரிந்தவள். அது அவனுக்கும் தெரியும். மூன்றாவது முறை அவன், "உங்க போனுக்கு ஒண்ணும் இல்ல" என்றான். "எனக்குத்தான் போல" என்று சொல்லிவிட்டு, சொன்னதை நினைத்து வழியெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டே நடந்தாள். எண்களை மாற்றிக்கொண்டது அன்றுதான்.

அண்ணன் பேசியது செவ்வாய்க்கிழமை. "ஒரு இடம் வந்திருக்கு. நல்ல பையன். அவசரமில்ல. சனிக்கிழமை அஞ்சு மணிக்குப் பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"அவசரமில்லன்னு சொல்லிட்டு நேரத்தோட சொல்றீங்க!"

"உன் மனசுல வேற யாராவது இருந்தா சொல்லு பாப்பா."

இருக்கிறதா? அவள் மனதில் இருப்பது சரி, அவன் மனதில்? தெரியாமல் எப்படிச் சொல்வது?

புதன்கிழமை, எக்ஸ்ரே அறையின் சின்ன இடைவேளையில், இடது கட்டைவிரலால் எழுதினாள். எழுதி அழித்து, அழித்து எழுதி... 'வீட்டுல மாப்பிள்ளை பார்க்குறாங்க. சனிக்கிழமை பதில் சொல்லணும். நீங்க எதுவும் சொல்லணுமா?' அனுப்பினாள்.

பதில் இல்லை.

வியாழன்... இல்லை. வெள்ளி... இல்லை. போய்ச்சேர்ந்ததற்கான குறி மட்டும் திரையில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. போன் பண்ணலாமே என்றது மனது. கேட்டவளே திரும்பவும் கேட்பதா? அந்த அளவுக்கு மானம் மலிந்துவிடவில்லை. ஒரு நோயாளியிடம் "இழுங்க... பிடிங்க" என்று சொல்லிவிட்டு "விடுங்க" சொல்ல மறந்தாள். பாவம், அந்த ஆள் முகம் சிவந்து போனார்.

சனிக்கிழமை நாலே காலுக்கு அண்ணியிடம் பழைய போனைக் கேட்டு வாங்கினாள். "மழை வருது, குடை எடுத்துக்கோ" என்றாள், அவ்வளவுதான்.

இந்த முறை குடையை வாசலிலேயே மடக்கினாள். இரண்டு போனையும் மேசைமேல் வைத்தாள்.

"பழையபடி மாத்திக் கொடுங்க."

அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "ஏன், புதுசுல என்ன குறை?"

"எனக்கு ஒத்து வரல."

"மூணே வாரத்துல தெரிஞ்சுடுச்சா?"

"சிலது மூணு நாளுல தெரிஞ்சுடும்."

"ஆமா" என்றான் அவன். "எனக்கும் மூணு நாளுலதான் தெரிஞ்சுது."

என்ன தெரிந்ததாம் இவனுக்கு? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாதவனுக்குக் கோபம் வேறா! அழக்கூடாது. இவன் முன்னால் சத்தியமாக அழக்கூடாது. கடிகாரம் நாலே முக்கால் காட்டியது.

அவன் பழைய போனில் சார்ஜரைச் செருகினான். திரை வெளுத்தது. "பூட்டத் திறங்க" என்று அவள் பக்கம் தள்ளினான். ரகசிய எண்ணைத் தட்டினாள். முன்பு வந்துபோன கடை என்பதால் வைஃபையை அது தானாகவே பிடித்துக்கொண்டது.

டிங்.

இருவரும் குனிந்தார்கள். திரையில் அவன் எண்.

'சொல்லணும். நிறைய இருக்கு. நேர்ல சொல்லணும். நாளைக்குக் கடைக்கு வர முடியுமா?' புதன்கிழமை.

டிங்.

'வரல போல. உங்க வேலை இடத்து வாசலுக்கு நான் வரட்டுமா? கூப்பிடாம வந்தா தப்பாயிடும்னு கேக்குறேன்.' வியாழன்.

டிங்.

'புரிஞ்சிடுச்சு. இனி தொந்தரவு பண்ண மாட்டேன். புது போன நூறு வரைக்கும் சார்ஜ் ஏத்தாதீங்க. எண்பது போதும், ரொம்ப நாள் வரும்.' வெள்ளி.

அவள் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"எண்பது போதுமா?" என்றாள் அவள். குரல் உடைந்தது. "பிரிஞ்சு போறவன் சொல்ற வார்த்தையா அது?"

அது அவன் காதில் விழவில்லை. சுவரையே வெறித்துக்கொண்டிருந்தான். காகிதத்தில், ஒன்பதாவது வரியில், அவன் கையெழுத்தில்: 'பழைய போனில் கம்பெனி மெசேஜை அணைக்கவும்.'

"அணைக்கல" என்றான் மெதுவாக. "அத அணைச்சாத்தான் நான் அனுப்புறது புதுசுக்கு வரும். ஒரே கம்பெனி போனுங்க தங்களுக்குள்ள தனி வழியில மெசேஜ் அனுப்பிக்கும். என் போன் இன்னும் உங்களப் பழைய கம்பெனி ஆளுன்னே நினைச்சிட்டிருக்கு. எல்லாத்தையும் இங்கேயே போட்டிருக்கு... பீரோவுக்குள்ள."

"நானூறு போன்ல ஒரு படி விட்டதில்லன்னீங்க?"

"விட்டதில்ல."

"அப்புறம் எப்படி?"

அவன் அவளைப் பார்த்தான். அதே சிவந்த கண்கள்.

"அப்பதான் நீங்க சிரிச்சீங்க."

புதிய போன் அதிர்ந்தது. அண்ணன். மணி ஐந்தாக ஐந்து நிமிடம். அவள் அசையாமல் நின்றாள்.

"மூச்ச விடுங்க" என்றான் அவன்.

விட்டாள். எடுத்தாள்.

"அண்ணா, அவங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிடுங்க... ஆமா, மனசுல ஒருத்தர் இருக்கார். நீங்க கேட்டப்போ அவர் மனசு எனக்குத் தெரியாது. இப்பதான் தெரிஞ்சுது... போன் ரிப்பேர் பண்றவர்... இல்லண்ணா, விளையாடல." அவள் விரல்கள் மேசை விளிம்பை இறுக்கின. பிறகு, "சரிண்ணா" என்று வைத்தாள்.

"என்ன சொன்னார்?"

"நாளைக்குக் காலைல உங்கள வீட்டுக்கு வரச் சொன்னார். என் புள்ளிய அணைச்ச கைய அவர் பாக்கணுமாம்."

"கையவா?"

"அடிக்க மாட்டார். முறைப்பார். ஒரு மணி நேரம் முறைப்பார். தாங்குவீங்களா?"

"தாங்குறேன். உங்க குடையவே தாங்கினவன் நான்."

அவள் சிரித்தாள்... கண்ணைத் துடைத்துக்கொண்டே. பழைய போனை இழுத்து, அவன் காட்டிய இடத்தில், ஒன்பதாவது படியைத் தன் இடது கட்டைவிரலாலேயே அழுத்தி அணைத்தாள்.

அவன் தன் போனை எடுத்தான். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே ஏதோ தட்டினான். அவள் கையிலிருந்த புதிய போன் ஒளிர்ந்தது.

'உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. வந்துச்சா?'

அவள் திரையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"வந்துச்சு."