கரண்டு போனாலும் ஓடும் தறி

தங்கலட்சுமியின் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசமாட்டார்கள். பேசினால் காதில் விழாது. அருப்புக்கோட்டையில் அவள் இருக்கும் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடுகிறது. அவள் வீட்டுப் பின்பக்கம் மட்டும் நான்கு தறிகள். காலையில் அப்பா மாரிக்கண்ணன் சுவிட்சைப் போட்டால் தொடங்கும் தடக்கு தடக்கு, ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் ஓயாது. அந்தச் சத்தத்தில்தான் தங்கம் தவழ்ந்தாள், நடந்தாள், பதினாறாம் வாய்ப்பாடு வரை மனப்பாடம் செய்தாள்.

சத்தம் நின்றால்தான் அந்த வீட்டில் பதறுவார்கள். ஒரு தறி நின்றால் எங்கோ இழை அறுந்திருக்கிறது. நான்கும் சேர்ந்து நின்றால் மின்சாரம் போய்விட்டது. முதலில் கவனிப்பவர் உடனே “கரண்டு போச்சு” என்று உரக்கக் குரல் கொடுக்க வேண்டும். மின்சாரம் திடீரென்று திரும்பி வந்து தறிகள் தாறுமாறாக ஓடிவிடாமல் இருக்க, அப்பா ஓடிப்போய் சுவிட்சுகளை அணைப்பார். அந்தக் குரல் பெரும்பாலும் தங்கத்தின் குரலாகத்தான் இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இப்படிப்பட்ட பெண்ணைப் பிடித்து, கண்ணை மூடி அமைதியாக உட்கார் என்று சொன்னால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

அவள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் புதிதாகத் தியானம் தொடங்கினார்கள். தினமும் காலையில் ஐந்து நிமிடம். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எதையும் நினைக்காமல் இருக்க வேண்டும் என்றார் ஐந்தாம் வகுப்பு முருகேஸ்வரி டீச்சர். வியாழக்கிழமைதோறும் பெரிய டீச்சர் வந்து பார்ப்பார். சின்னச் சத்தம்கூட இல்லாமல் உட்காரும் வகுப்புக்கு, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் விளையாட்டு மைதானம் கிடைக்கும்.

முதல் வியாழக்கிழமை எல்லோரும் கண்ணை மூடினார்கள். வகுப்பு அப்படியே அமைதியானது. எல்லாம் நின்றுபோயிற்று. தான் எங்கே இருக்கிறோம் என்பதே தங்கத்துக்கு மறந்துவிட்டது.

“கரண்டு போச்சு” என்று கத்திவிட்டாள்.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பெரிய டீச்சர் சிரிக்கவில்லை. மைதானம் நான்காம் வகுப்புக்குப் போனது.

இரண்டாவது வியாழக்கிழமை தங்கம் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதையும் நினைக்காதே என்று மனத்துக்குச் சொன்னாள். மனம் உடனே காராச்சேவை நினைத்தது. அதைத் துரத்தினாள். அது போய்க் கணக்கு நோட்டைக் கூட்டிவந்தது. அதற்குள் அந்தப் பொல்லாத அமைதி வந்து காதை அடைக்க, அவளை அறியாமலே துள்ளி எழுந்து நின்றுவிட்டாள். மறுபடியும் மைதானம் கைவிட்டுப் போனது.

ஜன்னத்துக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. ஜன்னத்தான் வகுப்பின் கோ-கோ அணித் தலைவி, தங்கத்தின் உயிர்த்தோழி. அடுத்த வாரம் சனிக்கிழமை பந்தல்குடிப் பள்ளியோடு போட்டி. அணிக்கு இன்னும் ஒருநாள்கூடப் பயிற்சி இல்லை.

“நீ வேணும்னு செய்யலைன்னு எனக்குத் தெரியும்டி,” என்றாள் ஜன்னத். “ஆனா வர்ற வியாழக்கிழமை நீ லீவு போட்டுரு. எங்களுக்காக.”

அன்று மதியம் அவள் தன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள். தங்கம் எலுமிச்சைச் சாதத்தைத் தொடாமலே தன் டிபன் பாக்ஸை மூடினாள். வகுப்பே தன்னை வேண்டாம் என்று சொன்னதுபோல் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம், வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் தறிக்கூடத்து வாசற்படியில் உட்கார்ந்தாள். அழுகையாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

தடக்கு தடக்கு என்று தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கேட்கக் கேட்க ஒவ்வொரு தறியின் சத்தமும் தனித்தனியாகப் பிரிந்து வந்தது. முதல் தறி அவசரக்காரி. இரண்டாவது, பேச்சை முடிக்காமல் அடுத்த பேச்சைத் தொடங்கும். நான்காவது நடுநடுவே கிரீச்சென்று குறை சொல்லும். மூன்றாவது மட்டும் லேசாக நொண்டி நொண்டி, தட-தக்கு, தட-தக்கு என்று தன்பாட்டுக்குப் போனது. தங்கம் அதன் பின்னாலேயே போனாள். பஞ்சு மூட்டைமேல் சாய்ந்தபடி எங்கோ நெடுந்தூரம் மிதந்து போவதுபோல் இருந்தது. இடையில் காராச்சேவு வந்தது. வந்ததுபோலவே போய்விட்டது. அவள் துரத்தவில்லை.

தோளில் ஒரு கை பட்டது.

“தூங்கிட்டியா தாயி?” என்றார் அப்பா.

“இல்லப்பா. கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

எவ்வளவு நேரம் என்று அவள் கேட்டாள். அப்பாவுக்கு நேரமெல்லாம் தார்க்கணக்குத்தான். தார் என்பது, தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடா என்ற கட்டைக்குள் வைக்கிற சின்ன நூல்கட்டை. ஒரு தார் தீர ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆகும். அவள் உட்கார்ந்ததிலிருந்து மூன்றாவது தறியில் நாலு தார் மாற்றிவிட்டாராம்.

நாலு தார் என்றால் இருபது நிமிடம். பள்ளிக்கூடத்தில் கேட்பது ஒரே ஒரு தார். தங்கத்துக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் பள்ளிக்கூடத்துக்குத் தறியைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? செவ்வாய்க்கிழமை தியானத்தில் மூன்றாவது தறியின் சத்தத்தை மனத்துக்குள் வரவழைத்துப் பார்த்தாள். வரவே இல்லை. பக்கத்து விரிப்பில் ஜன்னத் கவலையோடு பெருமூச்சு விட்டது மட்டும் கேட்டது.

அடடா, இங்கேயும் கேட்க ஏதோ இருக்கிறதே.

புதன்கிழமை அவள் சத்தத்தைக் கூப்பிடவில்லை. வீட்டுப் படியில் உட்கார்ந்ததுபோலச் சும்மா உட்கார்ந்து, என்ன வருகிறது என்று காத்திருந்தாள். முதலில் மின்விசிறி வந்தது. க்ளிக், க்ளிக். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் தவிட்டுக்குருவிகள் சண்டை போட்டன. தூரத்தில் ஏதோ லாரி மேடு ஏறியது. எல்லாவற்றுக்கும் அடியில், ரொம்ப மெதுவாக, ஒரு தட-தக்கு. தட-தக்கு.

அது அவளுடைய நெஞ்சு. மூன்றாவது தறியைப் போலவே நொண்டி நொண்டிப் போனது. இத்தனை நாள் தன்னோடேயே ஓடிய தறியை இப்போதுதான் அவள் கேட்கிறாள். டீச்சர் மணி அடித்தபோது, அதற்குள்ளாகவா என்று இருந்தது.

வியாழக்கிழமை தங்கம் பள்ளிக்கூடத்துக்கு வந்ததைப் பார்த்து ஜன்னத்தின் முகம் சுண்டிப்போனது. பெரிய டீச்சர் வந்து வாசலில் நின்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் ஆனது. மின்விசிறி க்ளிக் என்றது. அடுத்த க்ளிக் வரவில்லை.

மின்சாரம் போய்விட்டது.

அந்த வகுப்பில் பாதிப் பேர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் உடம்பு தூக்கிப்போட்டது. கண்கள் திறந்தன. எத்தனையோ வாய்கள் ‘க’ வரைக்கும் வந்துவிட்டன. முருகேஸ்வரி டீச்சரே “கரண்...” என்று தொடங்கி, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அவரும் அதே தெருக்காரர்தான்.

தங்கம் கண்ணைத் திறக்கவில்லை. அவள் தறி நிற்கவில்லையே. பக்கத்தில் ஜன்னத் மூச்சைப் பிடித்துக்கொண்டு தவிப்பது அவளுக்குக் கேட்டது. கையை நீட்டி ஜன்னத்தின் முழங்காலில் ஒரு விரலால் மெல்லத் தட்டினாள். தட-தக்கு. தட-தக்கு.

ஜன்னத்தின் மூச்சு தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் விரல் அடுத்தவளின் முழங்காலைத் தட்டியது. அங்கிருந்து அடுத்த வரிசைக்குப் போனது. சத்தமே இல்லாமல் ஒரு தறி வகுப்பைச் சுற்றி வந்தது. திறந்த கண்கள் ஒவ்வொன்றாக மூடின. வேப்பங்காற்று உள்ளே வந்து, கரும்பலகை ஓரத்தில் தொங்கிய வருகைத் தாளை அசைத்துவிட்டுப் போனது.

அன்றைக்கு மணி அடிக்க நெடுநேரம் ஆனது. முருகேஸ்வரி டீச்சரும் கண்ணை மூடியிருந்தார். பெரிய டீச்சரும்தான். கடைசியில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் சாக்பீஸ் கேட்டு வந்து எல்லோரையும் எழுப்பினான்.

“மைதானம் உங்களுக்குத்தான்,” என்றார் பெரிய டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மதியம் ஜன்னத் டிபன் பாக்ஸோடு வந்து தங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். லீவு போடச் சொன்னதை மறந்துரு என்றாள். பாதி ஆம்லெட்டையும் எடுத்து வைத்தாள். ஆம்லெட்டைப் பார்த்ததும் தங்கத்துக்கு மறந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மைதானத்தில் புழுதி பறந்தது. செம்மண் பூசிய சட்டையோடு வீட்டுக்கு வந்து, தங்கம் வாசற்படியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். சற்று நேரத்தில் நான்கு தறிகளும் சட்டென்று நின்றன.

மகளின் குரலுக்காக அப்பா ஒரு நொடி காத்திருந்தார். வரவில்லை. தானே ஓடிப்போய் சுவிட்சுகளை அணைத்துவிட்டு வந்தார்.

“என்ன தாயி, கரண்டு போனது தெரியலையா?”

“தெரிஞ்சுச்சுப்பா,” என்றாள் தங்கம், கண்ணைத் திறக்காமலே. “எனக்கு இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு.”