ஏழாம் நம்பர் ஜாடி

கடலடியில் சேறு அள்ளுகிறவர் பகல் பதினொரு மணிக்கு வந்தார். சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன அறையில் துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை. கரையோரக் கடல் மண்ணில் இயற்கையாகவே இருக்கும் கதிர்வீச்சை அளக்கும் ஆய்வகத்தில் அவருக்குப் பதினெட்டு வருஷ வேலை. அவர் அள்ளிய மண்ணை அடைத்த ஏழாம் நம்பர் ஜாடியில் அளவு தாறுமாறாக ஏறியிருந்ததாம். அது கரையில் கிடக்கும், கதிர்வீச்சு அதிகமுள்ள கருமணல், கடலுக்கே போகாமல் அள்ளிக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று சொல்லி வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள்.

"படகு கவுந்து ரெண்டு தடவ செத்துப் பொழச்சவன் ஐயா நான். இந்தப் பழிய மட்டும் தொடச்சுக் குடுங்க."

அதே ஆய்வகத்தில் மண்ணை உலர்த்தி, சலித்து, ஜாடியில் அடைத்து டேப் சுற்றுவது அவர் மனைவி. இப்போது வீட்டில் அடுப்பு எரிவது அவள் வேலையால்தான்.

துப்பறிவாளருக்கு உதவியாக இருந்த ரிட்டயர்டு தபால்காரர் பரபரத்தார். கூடப்போன படகோட்டியைப் பிடித்தால் தீர்ந்தது என்றார். அவன் இவருக்கு மச்சான் முறை என்று தெரிந்ததும், "அப்ப எவன் நம்புவான்" என்று அடங்கிப்போனார்.

மறுநாள் ஆய்வகத்தில் வாங்கிய, அந்த ஜாடியின் அளவுகள் எழுதிய இரண்டு தாள்களைத் துப்பறிவாளர் வெகுநேரம் பார்த்தார். பிறகு புருஷன், மனைவி இருவரையும் வரச் சொன்னார்.

"மண்ணுலேருந்து ஒரு வாயு வரும். அது மூடின ஜாடிக்குள்ள தேங்கி நிலைக்க ஒரு மாசம் ஆகும். அதனாலதான் மாசம் கழிச்சு அளக்குறாங்க. அப்புறம் எத்தன தடவ அளந்தாலும் அளவு மாறாது. மேல ஒட்டுன தேதிப்படி ஏழாம் ஜாடிக்கு மாசம் முடிஞ்சிருச்சு. ஆனா ஒரு வாரம் விட்டு மறுபடி அளந்தப்ப இன்னும் ஏறியிருக்கு. ரெண்டும் அதிகம்னு மட்டும் பாத்தாங்க, ஏன் ஏறுச்சுன்னு பாக்கல. முதல் தடவ அளந்தப்ப அத மூடி நாலஞ்சு நாள்தான் ஆகியிருக்கும்."

உள்ளேயே யாரோ மாற்றியிருக்கிறார்கள், அண்ணன் தப்பித்தார் என்று தபால்காரர் துள்ளினார். ஜாடிகள் இருக்கும் அலமாரியின் சாவி யாரிடம் என்று துப்பறிவாளர் மெதுவாகக் கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்த புருஷன், மனைவியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவள் தரையைப் பார்த்தபடி பேசினாள். "ஜாடியத் தொடைக்கும்போது கைதவறி ஒடஞ்சிருச்சுங்க. மண்ணுதானேன்னு கரையிலேருந்து அள்ளி வேற ஜாடியில அடைச்சு, பழைய தேதியையே போட்டேன். மண்ணுக்கு மண்ணு இவ்ளோ வித்தியாசம் இருக்கும்னு தெரியல. சொல்லிடலாம்னு நெனக்கிறதுக்குள்ள இவர வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. என் வேலையும் போயிட்டா புள்ளைங்க வாயில எதப் போடுறது?"

ஆய்வகத்துக்கு எழுதத் தபால்காரர் பேனாவை எடுத்தார். புருஷன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். நான் கரையிலதான் அள்ளுனேன்னு இருக்கட்டும்."

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் துப்பறிவாளர்.

"யோசிக்க என்னங்க இருக்கு" என்ற அவர், மனைவி பக்கம் திரும்பினார். "ஷிப்டுக்கு நேரமாச்சு. நீ கெளம்பு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள்.