நீலம் இல்லாத அலகு

ஏரிக்கரையில் எவ்வளவோ இடம் சும்மா கிடக்க, அவள் தினமும் நிற்கிற இடத்தில்தானா மூன்று காலையும் பரப்பிக்கொண்டு அந்தத் தொலைநோக்கி நிற்க வேண்டும்? அவசரமாக வந்தவள் ஒரு காலைத் தட்டிவிட்டாள். சாய்ந்ததைப் பிடிக்கப் பாய்ந்த அதன் சொந்தக்காரன் வழுக்கி, முழங்கால் வரை சேற்றில் இறங்கினான். அந்தச் சத்தத்துக்கு நாமக்கோழிக் கூட்டம் மொத்தமும் எழும்பிப் பறந்தது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியுது. இது என் இடம்."

"பேர் எழுதி வச்சிருக்கா?"

திட்டத்தான் நிமிர்ந்தாள். ஆனால் அந்தக் கண்கள்... பல நாள் தூங்காத, சண்டை போடத் தெரியாத கண்கள்... நாக்கு நுனி வரை வந்த வசவு அங்கேயே நின்றுவிட்டது. இன்றைக்குப் பார்த்தா இதெல்லாம் என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

அவளுக்கு ஏது நேரம்? மருந்துக்கடையில் கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் விடுப்பு வாங்கி வந்திருக்கிறாள். வடகரையில் லாரிகள் மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தன. அபூர்வப் பறவை வந்து தங்கும் ஏரியை மூடக் கூடாது என்பது சட்டம். அப்படி அபூர்வமான வெள்ளைத்தலை வாத்து இங்கே இருப்பதற்குச் சான்றாக ஒரு படம் இன்று மாலைக்குள் வனத்துறை அலுவலகத்துக்குப் போனால் வேலை நிற்கும். இல்லையென்றால் நாளை முதல் தண்ணீரை இறைத்துவிடுவார்கள்.

மழை பிடித்துக்கொண்டது... குளிர்காலத் தொடக்கத்து மழை, ஊசி ஊசியாய். அவன் குடையை விரித்துத் தொலைநோக்கிக்குப் பிடித்தான்.

"இங்க ஒரு மனுஷி நனைஞ்சுட்டு நிக்கிறேன்..."

"லென்ஸ் நனைஞ்சா பூஞ்சை பிடிக்கும்ங்க. உங்களுக்கு வெறும் ஜலதோஷம்தானே?"

"அதுவும் சரிதான். மாத்திரை எங்க கடையிலயே இருக்கு. நீங்க என்ன பண்றீங்க?"

"பல் டாக்டர்."

"ஓ... வலிக்காதுன்னு பொய் சொல்றவங்களா..."

அவன் சிரித்துவிட்டான். குடை மெல்ல அவள் பக்கம் நகர்ந்தது. அவன் தோள் நனைவதை அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். நெஞ்சுக்குள் மட்டும் என்னவோ குறுகுறுவென்று...

மாறி மாறிப் பார்த்தார்கள். ஊசிவால் வாத்து, கிளுவை, மறுபடி நாமக்கோழி. தேடியது மட்டும் இல்லை.

"போன குளிர்காலத்துல இங்கதான் பார்த்தேன்" என்றாள். "வாலை விறைப்பா தூக்கிக்கிட்டு, தன்னந்தனியா... படத்தோட பறவைப் பதிவுக் குழுவுக்கு அனுப்பினேன். எவனோ ஒரு பெரிய மனுஷன், 'அலகு நீலமாக இல்லை, வளர்ப்பு வாத்து'ன்னு ஒரே வரியில தள்ளிட்டான். குளிர்காலத்துல அது சாம்பலாயிடும்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும். அன்னையிலேர்ந்து என் பேரே வாத்து மேடம். வீட்ல எங்க அண்ணிகூட அப்படித்தான் கூப்பிடுறாங்க. அந்த ஆள் மட்டும் என் கையில கிடைச்சான்..."

அவன் தொலைநோக்கியில் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

வெளிச்சம் இறங்கியது. அலுவலகம் மூடும் நேரமும் தாண்டியது. வாத்து வரவில்லை. அவள் ஈரமண்ணில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். கதைகளில் வருகிற அழகான அழுகை இல்லை, மூக்கு ஒழுக, தேம்பித் தேம்பி அழுதாள்.

"அந்த வரிய எழுதினது நான்தான்" என்றான் அவன்.

அவள் நிமிர்ந்தாள்.

"ரெண்டு நோயாளிக்கு நடுவுல, போன்ல அவசரமா பார்த்து எழுதிட்டேன். மறுவாரம் சந்தேகம் வந்து இங்க வந்தேன். வாத்து இருந்துச்சு... நீங்க சொன்ன மாதிரியே. பத்து வருஷமா தப்பே பண்ணாதவன்னு எனக்கொரு பேரு. அந்தப் பேருக்காக வாயை மூடிக்கிட்டேன். ஏரியை மூடப் போறாங்கன்னு தெரிஞ்சு இன்னிக்குக் காலைலதான் திருத்தி அனுப்பினேன். பழைய பதிவு செல்லாது, இன்னிக்குப் பார்த்தாதான் உண்டுன்னு பதில் வந்துடுச்சு."

இவ்வளவு நேரம் யார் குடைக்குள் நின்றிருந்தாள்... யாரை நினைத்து மனசு அப்படிக் குறுகுறுத்தது...

"போயிடுங்க. என் முகத்துலயே முழிக்காதீங்க."

அவன் தொலைநோக்கியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு மழையில் நடந்தான். பத்தடி போயிருப்பான்.

"நில்லுங்க... ஏரியும் போச்சு. நீங்களும் போயிட்டா நான் யாரைத் திட்டுறது?"

அவன் நின்றான். திரும்பவில்லை. "நீங்க வாத்துக் கதையைச் சொன்னப்பவே யாருன்னு புரிஞ்சுபோச்சு. உடனே சொல்லியிருக்கணும். சொன்னா போயிடுவீங்கன்னு... இன்னும் கொஞ்ச நேரம்... இன்னும் கொஞ்ச நேரம்னு..."

"போயிருப்பேன்தான்."

வடகரையில் இன்னொரு லாரி மண்ணைச் சரித்தது. அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜென்மத்துக்கும் உங்களை மன்னிக்க மாட்டேன். ஆனா எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு... அதை நான் என்ன பண்றதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."