சுழியத்தைத் தொடாத கோடு

காலை எட்டு மணி. சுப்பீரியர் ஏரியின் நடுவே, பனி போர்த்த தீவொன்றின் விரிகுடாவில் ஓநாய் இறந்து கிடந்தது. சிறு விமானம் இறங்குவதற்காக உறைநீரின்மேல் சமன்செய்த தடத்தின் ஓரம், விலா நொறுங்கியிருந்தது. தீவில் எஞ்சியிருந்த ஒரே ஆண் ஓநாய் அது.

விசாரிக்க வந்த வனக்காவல் அதிகாரி நோரீன் கடோட் உடல்முன் குனிந்து நின்றாள். அவளைக் கொண்டுவந்த விமானம் கரைக்குத் திரும்பிவிட்டது. தீவிலிருந்து வானொலி வழியே கரை அலுவலகத்துக்கு முந்தைய இரவு வந்த செய்தி சுருக்கமானது: ‘விமானி ஆர்வோ லாஹ்தி இறங்கும்போது மோதிவிட்டார். குடித்திருந்தாரா என்று சொல்வதற்கில்லை.’

அந்தக் கடைசி வரியைக் கேட்டபோதே நோரீன் மனத்துள் தீர்ப்பு எழுதிவிட்டாள். ஆர்வோவின் பழைய குடிப்பழக்கத்தைக் கரையில் அறியாதார் இல்லை. அவள் அறிக்கை தந்தால் அவருடைய உரிமம் பறிபோகும். பறப்பதன்றி வேறு பிழைப்பு அவருக்கு இல்லை.

ஆய்வாளர்கள் தங்கும் குடிலில் விசாரணை தொடங்கியது.

“குடிச்சிருந்தியா, ஆர்வோ?”

“ஒன்பது வருஷமா காப்பிதான். அதுவும் எங்க டெஸ் பொண்ணு போடுற காப்பி. அதைவிடப் பெரிய தண்டனை உங்கிட்ட இருக்கா?”

“அப்புறம் எப்படி ஓநாய் மேல ஏத்தின?”

“நான் ஏத்தல. நேத்துச் சாயந்தரம் கரைக்குப் போய் எண்ணெய் ஏத்திக்கிட்டுத் தனியா திரும்பி வந்தேன். விமானத்தோட சறுக்குக் கட்டை பனியைத் தொட்டுடுச்சு. ஓநாய் ஓடிவந்து குறுக்கே நின்னு, அண்ணாந்து பாத்துச்சு.”

“விமானச் சத்தம் கேட்டா ஓநாய் ஓடில்ல போகும்?”

“அதான் எனக்கும் புரியல.” ஆர்வோ சுவரோரம் நின்றவரைப் பார்த்தார். “நீயாவது சொல்லேன், எல்வுட். நான் குடிச்சு நீ பாத்தியா?”

பேராசிரியர் எல்வுட் ஹெய்ன்ஸ் சன்னலுக்கு வெளியே நோக்கினார். அவர் தலைக்குமேல் விலங்குக் கணக்கெடுப்பின் வரைபடம் தொங்கியது. முப்பது ஆண்டுகளாக அவர் கையால் வளர்ந்தது. மூஸ் என்னும் பெரிய மான்களுக்கு ஒரு கோடு, ஓநாய்களுக்கு ஒரு கோடு. மான் பெருகினால் சற்றுப் பிந்தி ஓநாய் பெருகும். ஓநாய் பெருகினால் மான் தேயும். எவரும் கைவைக்கக் கூடாது, காடு தன் வழியைத் தானே காணும் என்பது அவர் கற்பித்த நெறி. கடைசி மூன்று ஆண்டுகளில் மான் கோடு மலைபோல் ஏறியிருக்க, ஓநாய்க் கோடு மட்டும் சுழியத்துக்குச் சற்று மேலே, இரண்டில், அசையாமல் படுத்திருந்தது.

நோரீன் பின்கொட்டகைக்குப் போனபோது உதவி ஆய்வாளர் டெஸ் மார்க்கெட்டி ஓநாயின் வயிற்றைத் திறந்திருந்தாள்.

“நல்லா சாப்பிட்டிருக்கு. பாருங்க, இறைச்சி கழுவி வெச்ச மாதிரி இருக்கு.”

“பல்லு?”

“கோரைப்பல் ரெண்டும் முறிஞ்சு பழசாயிடுச்சு. கிழவன், பாவம்.”

“மேலேர்ந்து விலங்குகளை எண்ணுறப்போ நீயும் போவியா?”

“ஐயோ, நானா? ஏறினாலே வாளி நிறைய வாந்தி. ஆர்வோ என்னை வாளின்னுதான் கூப்பிடுவார். பின் இருக்கை எப்பவும் சாருக்குத்தான். நேத்துக் காலையிலகூட அவர்தான் போனார்.”

நோரீன் ஆர்வோவின் விமானத்தில் ஏறினாள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டே இருக்கைகள். விமானியின் பக்கக் கண்ணாடி குளிருக்கு அஞ்சி நாடாவால் ஒட்டப்பட்டிருந்தது. பின்னிருக்கைக் கண்ணாடி தாராளமாகத் திறந்தது. அங்கே அமர்ந்தாள். முன்னிருப்பவரின் முதுகு மட்டுமே தெரிந்தது. அம்முதுகுக்கு உரியவரை நேற்றே குற்றவாளியாக்கிய தன் நெஞ்சை நினைத்தாள். அந்தக் குளிரிலும் முகம் சுட்டது.

நண்பகலில் மூவரையும் மேசைக்கு அழைத்தாள்.

“மானைத் தோலோட கிழிச்சுத் தின்ற ஓநாய் வயித்துல முடி இல்லாம இருக்காது. இதுல ஒண்ணுகூட இல்ல. யாரோ அறுத்துக் கொடுத்த இறைச்சி. இந்தப் பல்லை வெச்சுக்கிட்டு அது இவ்வளவு நாள் பிழைச்சதும் அப்படித்தான்.”

டெஸ் திடுக்கிட்டாள். “அதான் நம்ம சாப்பாட்டு இறைச்சிப் பீப்பாய் சீக்கிரம் காலியாகுதா! ஆர்வோதான் தின்னு தீர்க்கிறார்னு நினைச்சேன்.”

“தரையில போட்டிருந்தா அது குடில் வாசலுக்கு வந்திருக்கும். இது விமானத்துக்கு வந்துச்சு, அண்ணாந்து பாத்துச்சு. அதுக்கு இரை மேலேர்ந்து விழுந்திருக்கு. முன் கண்ணாடி திறக்காது. பின்னால என்ன நடக்குதுன்னு முன்னால இருக்கிறவருக்குத் தெரியாது. நேத்துக் காலையில விழுந்தது வயித்துல இருக்கு. சாயந்தரம் பின் இருக்கை காலி. எதுவும் விழல. அதான் கிட்ட வந்து நின்னிருக்கு. இல்லையா, ஹெய்ன்ஸ் சார்?”

ஹெய்ன்ஸ் சுவரிலிருந்த வரைபடத்தைக் காட்டினார். “அந்தக் கோடு பூஜ்ஜியத்தைத் தொடுறதை என் கையால வரைய முடியல, நோரீன். மூணு வருஷமா அது காட்டோட கோடு இல்ல. என்னோடது.”

“அதை மன்னிக்கலாம். வானொலியில கடைசி வரியைச் சொன்னது யாரு?”

அவர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். “நான்தான். அது ஏன் குறுக்கே வந்துச்சுன்னு யாரும் தோண்டிடக் கூடாதுன்னு.”

“சொன்னது நீங்க, நம்பினது நான்.” நோரீன் திரும்பினாள். “ஆர்வோ, தப்பு என்னோடதும்தான். உன் உரிமத்துல யாரும் கைவைக்க மாட்டாங்க.”

ஆர்வோ எழுந்துபோய் விமானத்தின் எந்திரத்தைச் சூடாக்கினார்.

மாலையில் பனிப்புயல் வருமுன் ஹெய்ன்ஸை மேல்விசாரணைக்காகக் கரை சேர்க்க வேண்டும். தீவில் இருந்ததோ அந்த ஒரு விமானம். தோளில் பையுடன், நிலம் நோக்கியவாறே அவர் வந்து நின்றார். ஆர்வோ படியில் கிடந்த பனியைக் கையுறையால் துடைத்து, கதவைத் திறந்து பிடித்தார்.

“ஏறுங்க, புரொஃபசர்.”

சேர்ந்து பறந்த இருபது குளிர்காலங்களில் ஆர்வோ அவரை ஒருமுறையும் அப்படி அழைத்ததில்லை; எப்போதும் எல்வுட்தான். ஹெய்ன்ஸின் கால் படியில் ஏறத் தயங்கிற்று. நோரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.