ஏழு வினாடித் தாமதம்

செல்போன் அதிர்ந்தது.

திரையில் 'பட்டு' என்று வந்தது. மகள்.

ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்திவிட்டு, "சொல்லுடி..." என்றாள் பீப் அக்கா.

மறுமுனையில் மகள் இல்லை.

ஓர் ஆண். வாயைத் துணியால் மூடிக்கொண்டு பேசுகிற கரகரப்பு.

"உன் பொண்ணு எங்கிட்ட இருக்கா. கத்தாதே. எழுந்திருக்காதே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆளுங்க இருக்காங்க. சிரிச்ச முகமா இரு."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை.

"யாருங்க? ராங் நம்பர் போட்டுட்டீங்க போல..."

"அவ போன்லேர்ந்துதான் பேசறேன். எப்படி ராங் நம்பராகும்?"

பிறகு மகளின் குரல் வந்தது. பஞ்சுப் பொதிக்குள் இருந்து வருவது போல, கனமில்லாமல், எதிரொலி இல்லாமல்...

"அம்மா... நீ மயக்கம் போட்டு விழுந்துட்டேன்னு சொன்னாங்க, அதான் ஓடி வந்..."

அத்தோடு அறுந்தது.

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அவள் உட்கார்ந்திருந்தது ஒரு கண்ணாடிக் கூண்டு. டி.வி. சேனலின் ஒலிக்கூண்டு. எதிரே இரண்டு திரைகள். இடது திரையில் ஸ்டுடியோவில் இந்த நொடி நடப்பது தெரியும். வலது திரையில் வீடுகளுக்குப் போவது தெரியும். இரண்டுக்கும் நடுவே ஏழு வினாடித் தாமதம். நேரலையில் யாராவது கெட்ட வார்த்தை பேசிவிட்டால் இடது காது எச்சரிக்கும். வலது காதில் அதே வார்த்தை வரும்போது அக்காவின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானில் இறங்கும்.

பீப்...

அவ்வளவுதான் அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'சனியனே' என்றால்கூட அழுத்த வேண்டும். 'மூதேவி'க்கும் அழுத்த வேண்டும். வீட்டில் கணவன் இருந்த காலத்தில், அவன் ஆட்டோக்காரரைத் திட்டும்போதெல்லாம் அவள் கட்டைவிரல் தானாகத் துடிக்கும். மகள் அதைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

இப்போது காலம் மாறிவிட்டது. செல்போனில் எல்லாவற்றையும் பச்சையாகப் பார்க்கிற ஜனத்துக்கு டி.வி. மட்டும் ஏன் தயிர்சாதம் மாதிரி இருக்க வேண்டும் என்று நிர்வாகம் யோசித்தது. விதிகளைத் தளர்த்தியது. படுக்கையறைக் காட்சி வரலாம். வசவு வரலாம். தடுக்க வேண்டிய வார்த்தைகள் இப்போது மூன்றே மூன்று. மாதக் கடைசியோடு பொத்தானையும் எடுக்கப் போகிறார்கள், அக்காவையும் எடுக்கப் போகிறார்கள்.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்றாள் அக்கா. "நான் சாதாரண வேலைக்காரிங்க..."

"உன் கட்டைவிரல் வேணும்."

அவன் நிதானமாகச் சொன்னான். இன்று மாலை நேரலையில் அம்மா நடிகை வருகிறாள். சீரியலில் நடித்த சின்னப் பெண் ஒருத்தி போன மாதம் இந்தக் கட்டிடத்து மொட்டை மாடியிலிருந்து விழுந்து செத்தாளே... தற்கொலை என்று எல்லோரும் கையைக் கழுவினார்களே... அவளைத் தள்ளியது யார் என்று அம்மா நடிகை பெயர் சொல்லப் போகிறாள்.

"அந்தப் பேரு வெளியே போகக்கூடாது. பீப் விழணும். விழுந்தா உன் பொண்ணு வீட்டுக்கு வருவா."

"ஸ்டுடியோவுல இருக்கறவங்க காதுல விழுமே..."

"அவங்களை நான் பாத்துக்கறேன். அந்தக் கிழவிக்கு நாளைக்குப் பேச வாய் இருக்காது. நீ இன்னிக்கு வேலையை மட்டும் பாரு."

வைத்துவிட்டான்.

அக்கா பொத்தானைப் பார்த்தாள். எத்தனையோ வருடமாக அழுத்தி அழுத்தி அதன் சிவப்பு நடுவில் வெளுத்திருந்தது. ஒரு கொலைகாரனின் பெயரை மூட இது பயன்படப் போகிறது. அழுத்தினால் ஒரு பெண்ணின் சாவு மண்ணோடு போகும். இன்னொருத்தியும் சாவாள். அழுத்தாவிட்டால்... அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

கதவு திறந்தது.

உள்ளே வந்தவர் நிகழ்ச்சித் தலைவர். விதிகளைத் தளர்த்தியவர் அவர்தான். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு 'சீ' கூட யாரும் கேட்டதில்லை. அதனால் ஆபீசில் அவருக்குப் பெயர் சாமியார்.

அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றார். உடம்புக்கு என்ன என்று கேட்டார். வேலை போகிறதே என்ற கவலையா, வேறு பிரிவில் இடம் பார்த்துத் தருகிறேன், தைரியமாக இரு என்றார். இன்றைய நிகழ்ச்சியே தனக்குப் பிடிக்கவில்லை என்றும், முதலாளி ஒற்றைக் காலில் நின்றதால்தான் ஒப்புக்கொண்டதாகவும் சொன்னார்.

சொல்லிவிடலாமா?

நாக்கு நுனி வரை வந்தது. இந்த மனுஷன் நல்லவர், போலீசுக்குப் போன் செய்வார், மகளைக் காப்பாற்றித் தருவார்...

எழுந்திருக்காதே, சிரிச்ச முகமா இரு என்ற குரல் காதில் கேட்டது. அக்கா சிரித்தாள். உதடு மட்டும் விரிந்தது.

"தலைவலி சார். வேற ஒண்ணும் இல்லை."

"மாத்திரை போட்டுக்கம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேரலை தொடங்கியது.

கூடவே செல்போனும் அதிர்ந்தது. மீண்டும் 'பட்டு'.

"நிகழ்ச்சி முடியற வரைக்கும் லைன்லயே இரு," என்றான் அவன். "நீ மூச்சு விடறதுகூட எனக்குக் கேக்கணும்."

அக்கா செல்போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினாள். கூண்டுக்குள் பேசினால் வெளியே கேட்காது.

இடது திரையில் அம்மா நடிகை வந்து உட்கார்ந்தாள். ஒப்பனை இல்லாத முகம். சீரியலில் அழுது அழுது சம்பாதித்தவள் இன்று நிஜமாக அழுதுகொண்டிருந்தாள். செத்தவளைப் பற்றிச் சொன்னாள். புது விதி வந்த கையோடு அந்தப் பெண்ணைப் படுக்கையறைக் காட்சியில் நடிக்கச் சொன்னார்களாம். 'முடியாதுக்கா, எங்க அப்பா டி.வி. பாப்பாரு' என்று அவள் தன் மடியில் படுத்து அழுதாளாம். முதலாளியிடம் புகார் சொல்வேன் என்று கிளம்பியவள்தான் மாடியிலிருந்து கீழே வந்தாளாம்.

ஊரெல்லாம் சந்தேகப்பட்டது சீரியல் ஹீரோவை. குடிகாரன். வாயைத் திறந்தால் சாக்கடை. அக்காவுக்கு அதிகம் வேலை வைத்தவனே அவன்தான். போனில் பேசுவது அவன் அனுப்பிய அடியாளாக இருக்கும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். ஹீரோ இப்போது வெளியூர் படப்பிடிப்பில் இருந்தான்.

"சார்... ஐயா... யாரா இருந்தாலும்," அக்கா கெஞ்சினாள். "அவ குரலை ஒரு தடவை கேக்க விடுங்க. அப்பா இல்லாத பொண்ணு. அவளைத் தவிர எனக்கு யாரும் இல்லைங்க."

"அப்புறம் கேட்டுக்கலாம். இப்ப தண்ணி குடிக்கறா பாரு. குடிச்சு முடிச்சதும் பேச்சு அங்கதான் போகும். ரெடியா இரு."

அக்கா இடது திரையைப் பார்த்தாள். அம்மா நடிகை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

பழக்க தோஷத்தில் கண் வலது திரைக்குப் போனது.

அங்கே தம்ளர் இன்னும் மேஜையிலேயே இருந்தது!

அக்கா இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வீட்டில் டி.வி. பார்க்கிறவனுக்கு அவள் தண்ணீர் குடிப்பது இன்னும் தெரிந்திருக்காது. இவனுக்குத் தெரிகிறது. அப்படியென்றால் இவன் பார்ப்பது இடது திரை. அந்தத் திரை ஸ்டுடியோவில் உண்டு, கன்ட்ரோல் ரூமில் உண்டு, இந்தக் கூண்டில் உண்டு. இங்கெல்லாம் ஆட்கள் கண்ணெதிரே இருக்கிறார்கள். தனியாக உட்கார்ந்து பேச, அந்தத் திரை இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் உண்டு.

மேல் மாடி. சாமியாரின் அறை.

அந்த அறைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? டப்பிங் ரூம். சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த அறை. உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே ஈ பறக்கிற சத்தம்கூட வராது. எதிரொலி இல்லாமல் பேசினாளே மகள்...

என் குழந்தை என் தலைக்கு மேலேயே இருக்கிறாள்!

எழுந்து ஓடத் துடித்தன கால்கள். ஓடினால் நாற்காலி நகர்கிற சத்தம் அவனுக்குக் கேட்கும். அவன் நாலு எட்டில் டப்பிங் ரூமுக்குப் போய்விடுவான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. மகளுக்கு அவனைத் தெரியும். சின்ன வயதிலிருந்து 'அங்கிள்' என்று கூப்பிட்டவள். முகத்தைப் பார்த்துவிட்டவளை அவன் எப்படி உயிரோடு விடுவான்? பீப் விழுந்தாலும் விடமாட்டான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கன்ட்ரோல் ரூமில் குண்டூசி உட்கார்ந்திருந்தாள். நிகழ்ச்சியை இயக்குகிறவள். ஒல்லி உடம்பு, யாரையும் குத்துகிற நாக்கு, அதனால் அந்தப் பெயர். அக்கா மேஜையில் கிடந்த பழைய தாளைத் திருப்பினாள். பேனாவை எடுத்தாள். கோணல் மாணலாக எழுதிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள்.

'மேல டப்பிங் ரூம்ல என் பொண்ணு. மாத்துச் சாவி எடுத்துட்டுப் போ. சாமியாருக்குத் தெரியக்கூடாது.'

குண்டூசி படித்தாள். என்ன விளையாட்டு இது என்பது போல் புருவத்தைத் தூக்கினாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள்.

"என்ன சத்தமே காணோம்?" போன் கேட்டது.

"அழறேன்," என்றாள் அக்கா. பொய் இல்லை.

அம்மா நடிகையும் தேம்பிக்கொண்டிருந்தாள். அழு தாயே, இன்னும் கொஞ்சம் அழு, பெயரைச் சொல்லிவிடாதே என்று அக்கா மனசுக்குள் அவள் காலில் விழுந்தாள். தொகுப்பாளர் விடவில்லை. யார் அது, சொல்லுங்கள் என்று நெருக்கினார். அம்மா நடிகை கண்ணைத் துடைத்தாள். நிமிர்ந்தாள்.

சொன்னாள்.

ஹீரோவின் பெயரை!

அக்கா திகைத்தாள். போனில் முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு ஒரு சிரிப்பு... தூக்குக் கயிறு கழுத்திலிருந்து நழுவியவனின் சிரிப்பு.

"அழுத்தாதே," என்றான் அவன். "கேட்டுச்சா? அழுத்தாதே! அந்தப் பேரு வெளியே போகட்டும்."

அவசரத்தில் துணியை எடுத்துவிட்டிருந்தான். சாமியாரின் சொந்தக் குரல்.

ஏழு வினாடி ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தாவிட்டால் ஹீரோவின் பெயர் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போய்விடும். அப்புறம் அவனே வந்து சத்தியம் செய்தாலும் யார் நம்புவார்கள்? இவன் செத்தவள் படத்துக்கு மாலை போட்டு இரங்கல் கூட்டம் நடத்துவான். மகள்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதவு படாரென்று திறந்தது.

குண்டூசி. அவள் தோளில் சாய்ந்தபடி, மணிக்கட்டில் இன்னும் டேப் தொங்க, பட்டு.

அக்காவின் கட்டைவிரல் இறங்கியது.

பீப்...

அதே வேகத்தில் செல்போனை, நேரலைக்கு நடுவே அறிவிப்பு சொல்ல வைத்திருந்த மைக்கின் அடியில் தள்ளி, மைக்கைத் திறந்தாள்.

"ஏண்டி அழுத்தினே?"

அதற்குப் பிறகு சாமியார் பேசியது எதுவும் அச்சில் ஏறாது. ஆயுள் முழுக்க அடக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினார். தடை செய்த மூன்று வார்த்தைகளும் வரிசை மாறாமல் வந்தன. இதுவரை அக்காவே கேட்டிராத நாலைந்தும் வந்தன.

"அவளை மாடியிலேர்ந்து தள்ளின மாதிரி உன் பொண்ணையும் தள்ளிடுவேண்டி! இந்தக் கையாலதான் அவளைத் தள்ளினேன். உன்..."

சட்டென்று நின்றார்.

அவர் அறையில் இருந்த இன்னொரு டி.வி., வீடுகளுக்குப் போவதைக் காட்டுகிற டி.வி., ஏழு வினாடி தாமதித்து, அவர் குரலிலேயே 'ஏண்டி அழுத்தினே' என்று கேட்டது.

போனில் மூச்சு மட்டும் வந்தது. பின்னணியில் ஒவ்வொரு வார்த்தையாக அவரே அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். அக்காவின் கட்டைவிரல் துடித்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அழுத்தவில்லை.

பின்பக்கப் படிக்கட்டில் இறங்கி ஓடியவரை வாசல் காவலர்கள் மடக்கினார்கள். அவர்களும் டி.வி. பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

விளக்கெல்லாம் அணைந்த ஸ்டுடியோவில் அம்மா நடிகை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று ஹீரோ மாடிப்படியில் அந்தப் பெண்ணோடு சண்டை போட்டதை மட்டும்தான் பார்த்தேன், அதை வைத்து அவன்தான் என்று நம்பிவிட்டேன் என்றாள். சாமியார் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால், அவள் சொன்ன அந்தத் தப்பான பெயரே அவரைக் காப்பாற்றியிருக்கும்.

மகளை மடியில் போட்டுக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். மகள் அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் எதிரே அமர்ந்து வாக்குமூலம் எழுதினார். பாதிவரை பேனா ஓடியது. பிறகு நின்றது. அவர் காது சிவந்திருந்தது.

"அம்மா... அந்தாளு பேசினதை அப்படியே எழுதினாத்தான் கேஸ் நிக்கும். ஆனா இந்த வார்த்தையெல்லாம்... எழுதவே கை கூசுதும்மா."

"கூச்சப்படாம எழுதுங்க சார்," என்றாள் பீப் அக்கா. "என் டியூட்டி முடிஞ்சு போச்சு."