அனுப்பாத எண்

காலை பதினொரு மணிக்கு அந்தப் பெண் துப்பறியும் அலுவலகத்துக்குள் வந்தபோது, அவள் வழியெல்லாம் அழுதுவிட்டு வந்திருக்கிறாள் என்பது ‘அவசரம்’ என்ற உதவியாளருக்கே தெரிந்தது. இத்தனைக்கும் அவர் எதையும் நின்று பார்க்கிற ஆள் அல்ல. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். அவருடைய அக்காவைக் கட்டிய துப்பறிவாளருக்கு ‘நிதானம்’ என்று பெயர். தேநீரைக்கூட ஆறவிட்டுத்தான் குடிப்பார்.

“சார், வீட்டுக்கடன் கம்பெனியில போன் பேசுற வேலை பாக்குறேன். இன்டர்நெட்ல யாராவது கடன் கேட்டு விண்ணப்பிச்சா அது எனக்குத்தான் வரும். நான் கூப்பிட்டுப் பேசணும். ஆனா ரெண்டு மாசமா எனக்கு முன்னாடியே வேற யாரோ கூப்பிட்டுடுறாங்க. கடன் ரெடி, கட்டணம் மட்டும் அனுப்புங்கன்னு கேக்குறாங்க. பாவம், ஒரு டிரைவர் அனுப்பி ஏமாந்துட்டார்.”

“பழி உங்க தலையில விழுந்திருக்கு,” என்றார் நிதானம்.

“விவரத்தைப் பாக்குறது நான் ஒருத்திதானாம். நாலு மணிக்குள்ள ஒத்துக்கிட்டு எழுதிக் கொடு, இல்லன்னா போலீஸுங்கிறார் மேனேஜர். திருடின்னு பேர் வாங்கினா அப்புறம் யார் சார் எனக்கு வேலை கொடுப்பாங்க?”

“மேனேஜர்தான் மச்சான் திருடன்!” என்று அவசரம் எழுந்தே விட்டார். “வாங்க, போய்ப் பிடிச்சிடலாம்.”

“உக்காரு மாப்ளே. கடைசியா யாருக்கும்மா அந்த மாதிரி போன் வந்துச்சு?”

“நேத்து ஒரு டீச்சரோட வீட்டுக்காரருக்கு. கொஞ்ச நேரத்துல நான் டீச்சரைக் கூப்பிட்டா, ‘எங்க வீட்டுக்காரர் நம்பரை யாருக்கு வித்தே?’ன்னு கிழி கிழின்னு கிழிச்சுட்டாங்க.”

நிதானம் தேநீரை அப்படியே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

கம்பெனியில் மேனேஜர் கடுகடுவென்று இருந்தார். நேற்றைய விண்ணப்பத்தை அச்சடித்துக் கொடுத்தார். டீச்சரின் பெயர், சம்பளம், வேண்டிய தொகை, ஒரே ஒரு போன் எண். அதற்குக் கீழே அந்தப் பெண் எழுதியிருந்த குறிப்பு: ‘டீச்சர் பேசினார். கோபமாக இருக்கிறார்.’ கம்பெனியின் இணையப் பக்கத்தைச் செய்துகொடுத்துப் பராமரிக்கும் கம்ப்யூட்டர்காரர், கேட்காமலே உதவிக்கு வந்தார்.

“நான் எல்லாத்தையும் அலசிப் பாத்துட்டேன் சார். எல்லா விண்ணப்பத்தையும் திறந்தது இந்தப் பொண்ணுதான்.”

“அது அவங்க வேலைதானே,” என்றார் நிதானம். கம்ப்யூட்டர்காரர் அதற்கும் சிரித்தார்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

“உங்க வீட்டுக்காரர் நம்பரையும் கொடுத்தீங்களாம்மா?”

“கொடுப்பேனா? என் பேர்ல ஒரு வீடு வாங்கணும், கடன் கிடைச்சப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். இப்ப வீடே ரெண்டுபட்டுக் கிடக்கு.” டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினார். “கைப்பழக்கத்துல முதல்ல அவர் நம்பரைத் தட்டிட்டேன். பதினெட்டு வருஷமா எந்தப் படிவம்னாலும் அதைத்தானே எழுதுறேன். ஆனா உடனே அழிச்சுட்டு என் நம்பரைப் போட்டேன். அப்புறம்தான் அனுப்பினேன்.”

“நாலு மணிக்கு முன்னாடி ஒரு உதவி வேணும், வர முடியுமா?” என்று கேட்ட நிதானம், மைத்துனர் பக்கம் திரும்பினார். “மாப்ளே, புதுசா ஒரு சிம் வாங்கிப் போட்டுட்டு வா. நம்பரை எங்க ரெண்டு பேரைத் தவிர யார்கிட்டயும் சொல்லிடாதே.”

ஒரு பெண்ணின் வாழ்க்கை ஊசலாடுகிறது, இவர் சிம் வாங்கச் சொல்கிறார் என்று அவசரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் ஓடினார்.

மூன்றரை மணிக்கு எல்லோரும் மேனேஜர் அறையில் கூடினார்கள். அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டரை அணைத்தாகிவிட்டது. அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூலையில் டீச்சர் தன் போனில் ஏதோ தட்டிவிட்டுத் தலையசைத்தார். அதன்பிறகு ஒன்றுமே நடக்கவில்லை.

அவசரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்து நடந்து தரையைத் தேய்த்தார். மணி மூன்று நாற்பது ஆயிற்று. மூன்று ஐம்பதும் ஆயிற்று. அந்தப் பெண் கடிகாரத்தையே பார்த்தாள். மேனேஜர் போலீஸுக்குப் போன் செய்யக் கையை நீட்டினார்.

அவசரத்தின் சட்டைப்பையில் போன் அடித்தது.

“ஸ்பீக்கர்ல போடு,” என்றார் நிதானம்.

“வணக்கம், மிஸ்டர் அவசரமா?” என்றது தேன் குரல். “உங்க வீட்டுக்கடன் ரெடி சார். கட்டணத்தை மட்டும் இப்பவே அனுப்பிட்டீங்கன்னா...”

அவசரம் வாயைப் பிளந்தார். நிதானம் போனை வாங்கி அணைத்தார்.

“பேரும் நம்பரும் உங்க இணையப் பக்கத்துல டீச்சர் தட்டினது. டீச்சர், விண்ணப்பத்தை அனுப்பிட்டீங்களா?”

“இல்ல சார். நீங்க சொன்ன மாதிரி தட்டிட்டு அழிச்சுட்டேன்.”

“மேனேஜர் சார், உங்களுக்கு வந்திருக்கா?”

மேனேஜர் திரையைப் பார்த்தார். “எதுவும் வரலையே.”

“வராத நம்பரை இந்தப் பொண்ணு எப்படி விக்க முடியும்? நேத்தும் இதேதான். உங்ககிட்ட இருக்குறது டீச்சர் நம்பர் மட்டும். திருடன் கூப்பிட்டது அழிச்ச நம்பரை. அழிச்சதைப் பாத்தது அந்த இணையப் பக்கம் ஒன்னுதான். தட்டத் தட்ட வெளியில கடத்துற மாதிரி அதுக்குள்ள ஏற்பாடு இருக்கு. அதுல கை வைக்கிறவர் யாரு?”

கம்ப்யூட்டர்காரர் பையை எடுத்துக்கொண்டு கதவுக்கு வந்திருந்தார். ஆனால் நடையின் புண்ணியத்தில் அவசரமும் அங்கேதான் நின்றார். அசையவில்லை.

“நம்பருக்கு இவ்வளவுன்னு தந்தாங்க சார்,” என்று முனகினார் கம்ப்யூட்டர்காரர். “போன் பண்ணித் தொல்லை பண்ணுவாங்க, அவ்வளவுதான்னு நினைச்சேன்.”

மேனேஜர் போலீஸுக்குப் பேசினார். இணையப் பக்கத்தை நிறுத்தச் சொன்னார். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமலே, “நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வாம்மா,” என்றார்.

“நாளைக்கு எதுக்கு சார்? ரெண்டு மாச விண்ணப்பம் மொத்தத்தையும் இப்பக் கொடுங்க. எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லணும்.”

“சொன்னா கம்பெனி பேரு என்னாகிறது?”

“காலையில பத்து பேர் முன்னாடி என்னைத் திருடின்னீங்களே, என் பேரு என்னாச்சு சார்?”

மேனேஜர் பட்டியலை நீட்டினார். அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். முதலில் அந்த டிரைவரைக் கூப்பிட்டாள்.

“ஐயா, வீட்டுக்கடன் கம்பெனியிலேர்ந்து பேசுறேன். வெச்சுடாதீங்க, இந்தத் தடவை நிஜமாவே நாங்கதான்.”